ஹனோயில் விழுந்த குண்டும் மதுரைக்கு வந்த கோதுமையும்: தெரியுமா?

1966 ஜூன் 29-ஆம் தேதி வடக்கு வியட்நாமின் ஹனோய், ஹைபோங் நகரங்களின் ஓரத்தில் இருந்த எண்ணெய்க் கிடங்குகள் மேல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. அதன் சூடு நம்ம ஊர் அடுப்படி வரைக்கும் வந்தது, தெரியுமா?

மதுரைச் செல்லூர் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு, வைகை அணைத் தண்ணீரை மூடப் பார்த்த தெர்மோகோல்தான் ஞாபகம் வரும். சிரித்து முடித்தபிறகு ஒரு சாயங்காலம் இந்தப் பக்கம் வாருங்கள். தறிச் சத்தம் குறைந்துபோன தெருக்களில் பழைய நெசவாளிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அறுபதுகளைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் போதும், முதலில் வாயில் வருவது ‘மைலோ’. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த சிவப்புச் சோளம். “அத மாவாக்கி களி கிண்டுனா தொண்டையில எறங்காதுப்பா. ஆனா அதுவும் இல்லாட்டி பாவு பிடிக்கிறதுக்கு உடம்புல தெம்பு ஏது?” என்றார் ஒரு தாத்தா. அந்த மைலோவும் கோதுமையும் எந்தத் தேதியில் கப்பல் ஏற வேண்டும் என்று வாஷிங்டனில் ஒரே ஒரு ஆள் முடிவு செய்துகொண்டிருந்தார் என்று சொன்னேன். “யாரு, அவுக ரேசன் ஆபீசரா?” என்று கேட்டார்.

அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன்தான் அந்த ரேஷன் ஆபீசர்!

மிகைப்படுத்தவில்லை. 1965-லும் 1966-லும் அடுத்தடுத்து மழை பொய்த்தது. 1966-ல் மட்டும் இந்தியா இறக்குமதி செய்த தானியம் ஏறக்குறைய ஒரு கோடி டன். அந்த வருஷம் அமெரிக்காவின் கோதுமை விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு இந்தியாவுக்கு வந்தது. பி.எல்.480 என்று அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த திட்டம் அது. டாலர் வேண்டாம், ரூபாயில் கொடுத்தால் போதும். ஜான்சன் என்ன செய்தார்? வருஷக்கணக்கில் போட்டுவந்த ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டு, மாதத்துக்கு மாதம், கப்பலுக்குக் கப்பல் என்று தன் கையால் திறந்து மூடத் தொடங்கினார். இந்தியாவில் எங்கே மழை பெய்தது, எங்கே பெய்யவில்லை என்று தனக்குத் துல்லியமாகத் தெரியும் என்று பின்னால் நினைவுக்குறிப்பில் பெருமையாக எழுதியும் வைத்தார். வைகையில் தண்ணீர் வந்த சேதி சில நாள் நமக்கு முன்னால் அவருக்குப் போயிருக்கும்போல!

இதில் வியட்நாம் எங்கே வந்தது என்கிறீர்களா? அந்த எண்ணெய்க் கிடங்குக் குண்டுவீச்சு நடந்த அடுத்த மாதமே பிரதமர் இந்திரா காந்தி வாயைத் திறந்தார். குண்டுவீச்சை நிறுத்துங்கள், ஜெனிவா மாநாட்டைத் திரும்பக் கூட்டுங்கள் என்றார். அதோடு விட்டாரா? மாஸ்கோ போனார், சோவியத் தலைவர்களோடு சேர்ந்து ஒரு கூட்டறிக்கையும் விட்டார். மார்ச்சில்தான் வெள்ளை மாளிகையில் விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவர்! ஜான்சனுக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டுமா? ஐ.நா. பொதுச் செயலாளர் ஊ தாண்டும் போப்பாண்டவரும் சொல்வதைத்தானே நாங்களும் சொல்கிறோம் என்று இந்தியத் தரப்பு சமாதானம் சொல்ல, அவர்கள் இருவருக்கும் எங்கள் கோதுமை தேவைப்படவில்லையே என்று அமெரிக்கத் தரப்பில் பதில் வந்ததாக ஒரு கதை உண்டு. அந்த வருஷம் ஆகஸ்டிலிருந்து மாதக்கணக்கில் புதிய ஒப்பந்தம் எதற்கும் ஜான்சன் அசையவில்லை. டிசம்பர் கடைசியில் 9 லட்சம் டன் விட்டார். அதற்குள் நம் உணவு அமைச்சருக்குத் தூக்கம் போயிருந்தது.

அந்த உணவு அமைச்சர் யார் தெரியுமா? பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம்! 1965 நவம்பரில் ரோம் நகரத்தில் அமெரிக்க விவசாய அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனோடு உட்கார்ந்து, சத்தமில்லாமல் ஒரு உடன்பாட்டுக்கு வந்தவர் இவர். விவசாயத்துக்கு நாங்கள் இவ்வளவு செலவு செய்கிறோம், உரத்துக்கு இப்படி வழி செய்கிறோம், நீங்கள் தானியத்தை நிறுத்தாதீர்கள் என்பது சாரம். அடுத்த வருஷமே மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதை வந்து இறங்கியது. பசுமைப் புரட்சியின் வேர் அங்கே இருக்கிறது. ஜான்சனின் கெடுபிடிதான் இந்தியாவைச் சொந்தக் காலில் நிற்க வைத்தது என்று சிலர் அவருக்கு மாலை போடுகிறார்கள். எனக்கு அந்த மாலையில் பாதிக்கு மேல் சி.எஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று தோன்றுகிறது. அவருக்கு ஊர் கொடுத்த பரிசு என்ன? 1967 தேர்தலில் கோபிசெட்டிபாளையத்தில் தோல்வி!

அவர் மட்டுமா? காமராஜர் கதை இன்னும் பெரிது. 1966 ஜனவரியில் இந்திரா காந்தியைப் பிரதமர் நாற்காலியில் உட்கார வைத்தவர் காங்கிரஸ் தலைவர் காமராஜர். ஐந்தே மாதம்! ஜூன் 6-ஆம் தேதி ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். அதுவரை 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர், ஒரே ராத்திரியில் 7 ரூபாய் 50 காசு. அமெரிக்காவும் உலக வங்கியும் உதவி வேண்டுமானால் இதைச் செய் என்று நெருக்கிக்கொண்டிருந்தன. நாற்காலி கொடுத்தவரிடம் முறையாக யோசனை கேட்கவில்லை. காமராஜருக்கு வந்த கோபம் கடைசிவரை ஆறவே இல்லை. ஆக, ஒரே கோடையில் இந்திராவுக்கு வாஷிங்டனிலும் பகை, சொந்தக் கட்சியிலும் பகை.

1967 பிப்ரவரியில் தேர்தல். அரிசி கிடைக்காத அடுப்புகளைப் பார்த்து, ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. முழங்கியது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் காயமும் பச்சையாக இருந்தது. கோதுமையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். ஆனால் அரிசிப் பஞ்சம் இல்லாமல் அந்த முழக்கத்துக்கு வலு ஏது? விருதுநகரில், சொந்த ஊரில், மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் காமராஜர் ஆயிரத்துச் சொச்சம் வாக்கில் தோற்றார். மதுரை மக்களவைத் தொகுதியில் ஜெயித்தவர் யார் தெரியுமா? மார்க்சிஸ்ட் கட்சியின் பி. ராமமூர்த்தி!

இங்கேதான் உச்சகட்ட வேடிக்கை. வடக்கு வியட்நாம் தலைவர் ஹோசிமின்னுக்கு ஜே போடும் மார்க்சிஸ்டுகளும், கம்யூனிஸ்ட் என்ற பேரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் ராஜாஜியின் சுதந்திரா கட்சியும் அந்தத் தேர்தலில் தி.மு.க.வோடு ஒரே கூட்டணி! வியட்நாமில் எந்தப் பக்கம் நியாயம் என்று இரண்டு பேரையும் ஒரே மேடையில் கேட்டிருந்தால் கூட்டணி அங்கேயே கலைந்திருக்கும். தி.மு.க. தலைவர் அண்ணா கேட்கவில்லை. கெட்டிக்காரர்! அரிசி வாக்குறுதி என்ன ஆனது என்றால், 1967 மே மாதம் ரூபாய்க்கு ஒரு படி என்று சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார்கள். மதுரைக்காரர்கள் விளம்பரத்தில் படித்துக்கொண்டதோடு சரி.

மூன்று வருஷம் கழித்து, 1970-ல், சிவாஜி கணேசன் பிரஸ்டீஜ் பத்மநாபனாக வந்த படம் ‘வியட்நாம் வீடு’. படத்தில் ஒரு வியட்நாம்காரர்கூடக் கிடையாது! ஓயாமல் சண்டை நடக்கிற குடும்பம் என்பதால் சுந்தரம் தன் நாடகத்துக்கு வைத்த பேர் அது. நான் அடித்துச் சொல்வேன், அந்தப் போரைப் பற்றி உலகத்தில் யாரும் இவ்வளவு சரியாகத் தலைப்பு வைக்கவில்லை. எதிரியோடு போட்ட சண்டையைவிட ஒரே அணியில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் போட்ட சண்டைதான் அதில் அதிகம். சந்தேகமா? மேலே படியுங்கள்.

கனடா அமெரிக்காவின் பக்கத்து வீடு, நெருங்கிய தோழன். 1965 ஏப்ரல் 2-ஆம் தேதி கனடா பிரதமர் லெஸ்டர் பியர்சன் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு பல்கலைக்கழக மேடையில், குண்டுவீச்சைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமே என்று பதவிசாகச் சொன்னார். மறுநாள் கேம்ப் டேவிட்டில் ஜான்சனைப் பார்க்கப் போனார். நோபல் அமைதிப் பரிசு வாங்கிய ஒரு மனிதரைக் கோட்டுக் காலரோடு பிடித்து, என் வீட்டுக்குள்ளேயே வந்து என்னை அசிங்கப்படுத்துகிறாயா என்ற தினுசில் உலுக்கியிருக்கிறார் ஜான்சன்! இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அமெரிக்கா வருவதாக இருந்த லால் பகதூர் சாஸ்திரியின் பயணத்தை ஜான்சன் தள்ளிப் போட்டார். பாகிஸ்தானின் அயூப் கானுக்கும் அதே கதி. வியட்நாம் விஷயத்தில் முணுமுணுக்கிறவர்கள் இப்போது வாஷிங்டன் பக்கம் வர வேண்டாம் என்பதும் அதற்கு ஒரு காரணம். சாஸ்திரி ஜூன் மாதம் எங்கே போனார் தெரியுமா? கனடாவுக்கு! காலரைப் பிடித்து உலுக்கப்பட்டவரும் கதவடைக்கப்பட்டவரும் பேசிக்கொள்ள விஷயத்துக்கா பஞ்சம்?

இந்தியாவுக்கும் கனடாவுக்கும் வியட்நாமில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அதற்கு 1954 ஜெனிவாவுக்குப் போக வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் தோற்று வெளியேறிய மாநாடு அது. ஜூலை 20-க்குள் முடிக்காவிட்டால் பதவி விலகுவேன் என்று சபதம் போட்டிருந்தார் பிரெஞ்சுப் பிரதமர் மென்டெஸ் ஃபிரான்ஸ். நள்ளிரவு தாண்டியும் கையெழுத்து ஆகவில்லை. என்ன செய்தார்கள்? விடிகாலையில் போட்ட கையெழுத்துக்கு முந்தின நாள் தேதியைப் போட்டார்கள்! அந்த மாநாட்டில் இந்தியாவுக்கு நாற்காலியே கிடையாது. ஆனாலும் வி.கே. கிருஷ்ண மேனன் அறைக்கு அறை நுழைந்து பேசிய பேச்சில், மேஜையில் ஒன்பது பேர், பத்தாவது இந்தியா என்று அதே மென்டெஸ் ஃபிரான்ஸ் சொன்னதாகச் சொல்வார்கள்.

கடைசியில் அழையாத விருந்தாளிக்குத்தான் தலைமைப் பீடம்! போர்நிறுத்தத்தை மேற்பார்க்க மூன்று நாட்டு ஆணையம்: கம்யூனிஸ்ட் தரப்புக்கு போலந்து, மேற்குத் தரப்புக்கு கனடா, நடுவில் தலைவராக இந்தியா. அக்டோபர் 17-ஆம் தேதி நேரு ஹனோயில் இறங்கியபோது, ஹோசிமின்னின் படை அந்த ஊருக்குள் நுழைந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அங்கே காலடி வைத்த முதல் வெளிநாட்டு அரசுத் தலைவர் நேருதான். 1957 நவம்பரில் தெற்கு வியட்நாம் அதிபர் தியெம்முக்கு டெல்லியில் வரவேற்பு. மூன்றே மாதத்தில், 1958 பிப்ரவரியில், வடக்கின் ஹோசிமின்னுக்கு வரவேற்பு. ஒரே முற்றத்தில் இரண்டு பேருக்கும் கம்பளம் விரித்த நாடு வேறு எது?

அந்தத் தலைவர் நாற்காலியில் ஒரு தமிழரும் உட்கார்ந்திருந்தார். ஜி. பார்த்தசாரதி! கிரிக்கெட் ஆட்டக்காரர், ‘தி இந்து’வில் பத்திரிகையாளர், அரசியல் சட்டத்தின் 370-ஆவது பிரிவை வரைந்த கோபாலசாமி அய்யங்காரின் பிள்ளை. முதலில் கம்போடியா ஆணையம், பிறகு 1955-56-ல் வியட்நாம் ஆணையம். பின்னாளில் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். அந்த ஆணையம் வேலை பார்த்த சைகோன் நகரம் தமிழர்களுக்கு அசலூர் கிடையாது; நகரத்தார் வட்டிக் கடை நடத்திய ஊர், புதுச்சேரிக்காரர்கள் பிரெஞ்சு அரசாங்க உத்தியோகம் பார்த்த ஊர். இன்றைக்கும் அங்கே பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. வியட்நாம் பெண்கள் ஊதுபத்தியோடு வந்து கும்பிடுகிறார்கள்!

அந்த ஆணையத்து ஆட்கள் செய்த வேலை அறிக்கை எழுதுவது மட்டும்தானா? இல்லவே இல்லை, மூன்று நாட்டாரும் ஆளுக்கொரு ரகசியத் தூது ஓடியிருக்கிறார்கள். 1964-ல் கனடாவின் பிளேர் சீபோர்ன், அமெரிக்கா சொல்லியனுப்பிய மிரட்டலையும் ஆசைவார்த்தையையும் ஹனோய்க்குச் சுமந்தார். 1966-ல் போலந்தின் லெவண்டோவ்ஸ்கி, இத்தாலியத் தூதர் டொர்லாண்டியோடு சேர்ந்து ஒரு சமாதானப் பேச்சை வார்சா வாசல் வரைக்கும் கொண்டுபோனார். டிசம்பரில் ஹனோய் மேல் விழுந்த அமெரிக்கக் குண்டு அதைக் காலி செய்தது. அமெரிக்கா ஒரு கையால் கதவைத் தட்டியது, மறு கையால் வீட்டை இடித்தது.

எல்லாவற்றிலும் சுவையான கதை இந்தியத் தலைவர் ராம்சந்தர் கோபுர்தனுடையது. மொரீஷியஸில் பிறந்தவர், தியெம் அரண்மனையில் நல்ல செல்வாக்கு. 1963 வியட்நாம் புத்தாண்டின்போது தியெம் மாளிகையில் பூத்துக் குலுங்கிய ஒரு மரக்கிளை நின்றதாகவும், அதை அனுப்பியவர் பரம எதிரி ஹோசிமின் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்! அந்த ஆகஸ்டு கடைசியில் ஒரு வரவேற்பு விருந்து. கோபுர்தன், பிரெஞ்சுத் தூதர், இத்தாலியத் தூதர் எல்லாரும் சுற்றி நின்றுகொண்டு, ஆணையத்தில் கம்யூனிஸ்ட் நாடான போலந்தின் பிரதிநிதியாக இருந்த மனேலியை மெல்ல நகர்த்தி நகர்த்தி தியெம்மின் தம்பி நூவின் எதிரே கொண்டுபோய் நிறுத்தினார்கள். கல்யாண வீட்டில் பெண் பார்க்க வைத்த மாதிரி! செப்டம்பர் 2-ஆம் தேதி இருவரும் தனியாகச் சந்தித்தார்கள். வடக்கோடு சமரசம் பேசப் போகிறார்களோ என்று வாஷிங்டன் பதறியது. அமெரிக்கப் பத்திரிகையில் விஷயம் வெளியாகி நாறியது. நவம்பர் 1-ஆம் தேதி ராணுவக் கலகம். அமெரிக்காவுக்கு முன்கூட்டியே தெரியும். மறுநாள் ஒரு கவச வண்டிக்குள் அண்ணனும் தம்பியும் பிணம். அமெரிக்கா வளர்த்த நண்பர்தான் தியெம், மறந்துவிடாதீர்கள்.

இந்த வேலையில் உயிரும் போயிருக்கிறது. 1965 அக்டோபர் 18-ஆம் தேதி, லாவோஸின் வியந்தியானிலிருந்து ஹனோய்க்குப் புறப்பட்ட ஆணையத்தின் விமானம் காணாமல் போனது. 13 பேர். அதில் ஐந்து பேர் இந்தியர்கள்.

தியெம்முக்குப் பிறகு வந்தவர்களாவது ஒற்றுமையாக இருந்தார்களா? தியூ, கீ என்று இரண்டு ஜெனரல்கள். கீ விமானப்படைக்காரர், கழுத்தில் ஊதாத் துண்டு, 34 வயதில் பிரதமர். தியூ வாய் திறக்காமல் காய் நகர்த்துகிறவர். 1967-ல் இரண்டு பேருமே அதிபராக ஆசைப்பட, ஜெனரல்கள் நாள்கணக்கில் கூடி கீயைத் துணை அதிபர் வேட்பாளராக இறக்கினார்கள். அரசாங்கமே கையில் இருந்தும் கிடைத்த வாக்கு நூற்றுக்கு 35! வெள்ளைப் புறா சின்னத்தில் சமாதானம் பேசி இரண்டாவதாக வந்தவரைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். 1971-ல் தியூ கொண்டுவந்த சட்டம் கீயைப் போட்டியிலிருந்து கழற்றிவிட்டது. ஒற்றை வேட்பாளர் தியூ, நூற்றுக்கு 94 வாக்கு!

இந்தத் தியூதான் 1968-ல் ஜான்சனுக்கே அல்வா கொடுத்தவர். அக்டோபர் 31-ஆம் தேதி குண்டுவீச்சு நிறுத்தம், பாரிஸில் எல்லாரும் பேசலாம் என்று ஜான்சன் அறிவித்தார். அமெரிக்கத் தேர்தல் நவம்பர் 5. இரண்டாம் தேதி தியூ எழுந்து, நான் வரமாட்டேன் என்றார். என்ன தைரியம்? எதிர்க்கட்சி வேட்பாளர் நிக்சனின் ஆட்கள், அன்னா செனால்ட் என்ற சீமாட்டி வழியாக, பொறுத்திரு என்று சேதி சொல்லியிருந்தார்கள். அது ஜான்சனுக்கும் தெரியும். தெற்கு வியட்நாம் தூதரகத்தின் டெலிபோனை எஃப்.பி.ஐ. ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது! ஒட்டுக் கேட்டதை வெளியே சொல்ல முடியாதே. நிக்சன் நூற்றுக்கு ஒன்றுகூட வராத வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அப்புறம் பாரிஸில் மேஜை எந்த வடிவத்தில் இருப்பது என்று வாரக்கணக்கில் சண்டை. போர்முனையில் பையன்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், இங்கே வட்டமா சதுரமா! 1969 ஜனவரியில் வட்ட மேஜை ஒன்று, பக்கத்தில் சின்னச் செவ்வக மேஜை இரண்டு என்று முடிவானது.

கொஞ்சம் பின்னால் போவோம். 1966 அக்டோபர் 24-ஆம் தேதி விசேஷம் தெரியுமா? மணிலாவில் ஜான்சன் உட்பட அவர் அணியின் ஏழு நாட்டுத் தலைவர்கள் கூடினார்கள். யோசனை எங்களுடையது, பெயரைத் தட்டிக்கொண்டு போனவர் பிலிப்பைன்ஸின் மார்கோஸ் என்று கொரியர்களுக்கு இன்றும் மனத்தாங்கல். அதே தேதியில் டெல்லியில் இந்திரா, யூகோஸ்லாவியாவின் டிட்டோ, எகிப்தின் நாசர் மூவர் மாநாடு முடிந்து, குண்டுவீச்சை நிபந்தனை இல்லாமல் நிறுத்து என்று அறிக்கை வந்தது. கோதுமைக் கப்பல் ஏன் தாமதமானது என்று இன்னும் கேட்க வேண்டுமா?

கம்யூனிஸ்ட் வீடு மட்டும் கட்டுக்கோப்பா? ரஷ்யா அனுப்பிய ஆயுதம் சீன ரயிலில் வர வேண்டும்; இரண்டு பேருக்கும் ஆகாது, இடையில் தவித்தது ஹனோய். 1972 பிப்ரவரியில் நிக்சன் பீஜிங்கில் இறங்கி சீனப் பிரதமர் சூ என்லாயின் கையைக் குலுக்கியபோது ஹனோய்க்கு எப்படி இருந்திருக்கும்? அந்த வருஷம் ஜனவரியில்தான் இந்தியா ஹனோயில் முழுத் தூதரகம் திறந்தது. சைகோன் அரசு கொதித்துப்போய் ஆணையத்து இந்தியர்களுக்கு விசா மறுத்தது. 1973-ல் புதிய ஆணையம் அமைத்தபோது கனடாவும் போலந்தும் தொடர்ந்தன. ஹங்கேரியும் இந்தோனேசியாவும் புதிதாக வந்தன. 19 வருஷம் தலைமை தாங்கிய இந்தியாவை யாரும் கூப்பிடவில்லை.

இதற்கெல்லாம் சிகரம் 1979. உதவிப் படை லட்சக்கணக்கில் அனுப்பி வடக்கு வியட்நாமைத் தாங்கிப் பிடித்த அதே சீனா, பிப்ரவரி 17-ஆம் தேதி வியட்நாம் மேல் படையெடுத்தது! அன்றைக்குச் சீனாவில் அரசு விருந்தாளியாக இருந்தவர் யார் தெரியுமா? நம் வெளியுறவு அமைச்சர் அடல் பிகாரி வாஜ்பாய். 1962 போருக்குப் பிறகு உறவைப் புதுப்பிக்கப் போயிருந்தார். 62-ல் இந்தியாவுக்குக் கற்பித்த பாடத்தை இப்போது வியட்நாமுக்குக் கற்பிக்கிறோம் என்று சீனத் தரப்பில் பேச்சு வேறு அடிபட்டது, விருந்தாளியை வீட்டில் வைத்துக்கொண்டே! வாஜ்பாய் பயணத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு டெல்லிக்கு விமானம் ஏறினார்.